சாவி போடும் கை

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் திருமூர்த்தி போன் செய்தான். விவாகரத்து ஆனபிறகு தானாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. நான் மட்டன் கழுவிக்கொண்டிருந்தேன், ஈரக்கையோடு எடுத்தேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அவனைப் பெற்ற அம்மா என் வீட்டில்தான் இருக்கிறார். அவரைப் பற்றியும் கேட்கவில்லை.

"மணி, மார்ச் இருபத்தொம்பது சனிப்பெயர்ச்சி. எனக்கு ஏழரை முடியுது. மறுநா ஞாயித்துக்கெழம வந்து வண்டிய எடுத்துக்கறேன். பேப்பர்ல கையெழுத்து மட்டும் போட்டுரு."

"செரிங்க" என்றேன்.

அந்தச் 'செரிங்க' நாள் முழுக்க என்னைப் பிடுங்கித் தின்றது. மட்டன் குழம்பில் உப்பு போட மறந்தேன். அத்தை ஊறுகாய் வைத்துச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வண்டிக் கதையை இங்கே எழுதி வைக்கிறேன். எழுதினால் சூடு ஆறும் என்கிறார்கள். எனக்கு ஆற வேண்டாம். ஆறாமல் இருக்கத்தான் எழுதுகிறேன்.

ஷெட்டில் நிற்பது ஒரு வெள்ளை ஃபியட். அந்தக் காலத்தில் சோழவரம் பந்தயத்தில் ஓடியது. இரட்டைக் கார்புரேட்டர், பந்தய சீட்டு, தோளையும் மடியையும் சுற்றிக் கட்டும் நாலு பட்டை பெல்ட். அவன் அதை வாங்கியபோது ஜோசியர் குறுக்கே விழுந்தார். மகர ராசி, ஏழரைச் சனி நடக்கிறது, வாகனம் உங்கள் பெயரில் ஆகவே ஆகாது. அதனால் என் பெயரில் பதிவு செய்தான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "சாவியும் அம்மணி கையாலதான் போடோணும்" என்றாராம் அந்த மகராசன்.

ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, எஞ்சின் பிடித்ததும் இறங்கிக்கொள்வேன். "எறங்கு மணி" என்பான். அவன் ஏறி ஓட்டிக்கொண்டு போவான். ஐந்து வருடம். என் பெயரில் இருந்த வண்டியை நான் தெருமுனை வரைகூட ஓட்டியதில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததுகூட இல்லை. அதில் அவன் ஸ்பேனர் டப்பா உட்கார்ந்திருக்கும்.

பிறகு பெங்களூரில் ஒருத்தி கிடைத்தாள். போய்விட்டான். வண்டியை மட்டும் விட்டுவிட்டுப் போனான், சனிக்குப் பயந்து. என்னை விட்டுப் போக எந்த கிரகத்துக்கும் பயப்படவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

அவன் நண்பர்களின் வாட்ஸப் குழுவிலிருந்து என்னை நீக்க மறந்துவிட்டார்கள். ஏப்ரலில் செட்டிபாளையம் பந்தயத் தளத்தில் பழைய கார்களுக்கு ஓட்டப்போட்டி. திருமூர்த்தி ஃபியட்டோடு வருகிறான் என்று இப்போதே கைதட்டல் பொம்மைகள். வெங்கிடு என்கிற அவனுடைய ஜால்ரா, "சிங்கம் திரும்புது" என்று போட்டிருக்கிறான்.

என் திட்டம் இது. வண்டியை நானே சரிசெய்வேன். அவன் செய்து வைத்திருந்ததைவிட நன்றாகச் செய்வேன். மாலையோடும் கூட்டத்தோடும் அவன் வரட்டும். எல்லார் முன்னாலும் நான் ஏறி ஓட்டிக்கொண்டு போவேன். மாலை அவன் கையிலேயே இருக்கட்டும்.

போட்டிக்கும் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். உரிமையாளர் யார் என்று கேட்டார்கள். சொன்னேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஷெட்டைத் திறந்தேன். எலி குடும்பம் நடத்திய சீட்டு, செத்த பேட்டரி, பானட்டுக்குள் பல்லி முட்டை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். உள்ளே இருக்கும் பாயிண்ட் இரண்டும் கருகி, மேடும் பள்ளமுமாகக் கிடந்தன. திறந்து மூடும் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள்தான் இந்தப் பாயிண்ட். இவை திறக்கும்போதெல்லாம் காயிலிலிருந்து பிளக்குக்குத் தீப்பொறி போகும். பொட்டு கருகினால் பொறி சோர்ந்துவிடும். சிக்னலில் வண்டி நின்றுவிடும். நின்றால் அவன் வாய் ஓடும்.

அவன் மாதம் இரண்டு தடவை அதை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி வைப்பான். ஏதோ இதய ஆபரேஷன் மாதிரி யாரும் பேசக் கூடாது. நான் மோட்டார் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள். நாள் முழுக்கக் காயிலும் மீட்டருமாகத்தான் இருக்கிறேன். "கொஞ்சம் மீட்டர் வெச்சுப் பாக்கட்டுங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன். "இது பம்பு இல்ல" என்றான்.

கிரீஸ் துடைக்க அவனுடைய பழைய நீலக் கட்டம்போட்ட சட்டையை எடுத்தேன். துவைத்துக் காயவைத்துவிட்டுத்தான் எடுத்தேன். அழுக்குத் துணியால் துடைத்தால் மண் ஒட்டும், அதற்காக.

பிப்ரவரி 18, செவ்வாய்

வேலை முடிந்து உக்கடம் போனேன். ஹனீபா பாய் கடை. பழைய ஃபியட் சாமான் வேண்டுமென்றால் ஊரில் எல்லாரும் அங்கேதான் போவார்கள்.

"பாயிண்ட்டத் தூக்கி வீசுங்க்கா. எலக்ட்ரானிக் போட்டுருங்க. தேய்மானமே இல்ல. பொறி அப்புடியே வெல்டிங் வெச்சாப்ல வரும்" என்றார். பாயிண்ட்டுக்குப் பதிலாகக் கட்டைவிரல் அளவில் கறுப்பாக ஒரு மாட்யூல், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டாருக்கு அடியில் போடும் காந்த வளையம், பெரிய காயில், தடித்த பிளக் வயர்கள். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினார்.

"வண்டி யாரு ஓட்றது?"

"நாந்தானுங்க பாய்."

சிரிப்பார் என்று காத்திருந்தேன். "அப்ப சீட்ட முன்னாடி இழுத்துக்குங்க. அந்த ரேஸ் சீட்டெல்லாம் ஆம்பளைக காலுக்கு வெச்சது" என்றார். சண்டைக்குத் தயாராகப் போனவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

வேலை தொடங்கியது.

கழற்றுவதற்கு முன் ரோட்டார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று குறி வைக்க வேண்டும். சாக்பீஸ் அழிந்துவிடுமென்று அலமாரியிலிருந்த நகப்பூச்சை எடுத்துப் பொட்டு வைத்தேன். சிவப்பு. திருமண நாளுக்கு வாங்கியது, திறக்கவே இல்லை. நல்ல வேளை, காயாமல் இருந்தது.

பிளக் வயர் நாலும் மாறிவிடாமல் இருக்க என் ஒட்டுப் பொட்டுகளை எடுத்து முதல் வயருக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு என ஒட்டினேன். எஞ்சினைப் பார்த்தால் வளைகாப்புக்குத் தயாரானவள் மாதிரி இருக்கிறது.

பாயிண்ட்டைக் கழற்றும்போது மயிரளவு ஸ்குரூ ஒன்று டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விழுந்தது. அதை எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. கடைசியில் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த முருகன் படத்தின் காந்தத்தைப் பிய்த்து, நூலில் கட்டி இறக்கினேன். முருகன் கொண்டுவந்து கொடுத்தான்.

அத்தை டீயோடு வந்து நின்றார். "இதையெல்லாம் யாரு கண்ணு சொல்லிக் குடுத்தது?" என்றார்.

"யாரும் இல்லீங்க அத்தை. கூட நின்னு பாத்ததுதான்."

"நின்னதுக்கே இத்தனயா" என்றார். அத்தை எதற்காக என்னோடு இருக்கிறார் என்று ஆட்கள் கேட்பதுண்டு. பெங்களூர் வீடு ஒன்பதாவது மாடி, லிப்டில் ஏறினால் தலை சுற்றுகிறதாம். அதுதான் காரணம். வேறு ஒன்றுமில்லை.

மார்ச் 1, சனி

மாட்யூல் எரிந்துவிட்டது. ஹனீபா பாய் கொடுத்த சரக்கு சரியில்லை.

புதுப் பேட்டரி மாட்டி, சாவியை ஆன் செய்து, காயிலுக்கு முழு வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவன் போன். டயரில் காற்று இருக்கிறதா என்று கேட்கத்தான். பார்த்துச் சொன்னேன். பிறகு வேறு ஏதோ பேச்சு. கம்பெனி, பெங்களூர் டிராபிக், என் தம்பி மகளின் பரீட்சை. ஒரு நிமிஷம் பேசியிருப்போம். வைத்துவிட்டுத் திரும்பினால் ஷெட் முழுக்கக் கருகிய வார்னிஷ் வாசனை. அத்தை வந்து, "அரமணி நேரமா அடுப்புல பால வெச்சுட்டு யாருகூடக் கண்ணு பேச்சு?" என்றார். பாலும் தீய்ந்து போயிருந்தது.

மார்ச் 2, ஞாயிறு

ஹனீபா பாயிடம் சண்டை போடப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். "சாவிய ஆன் பண்ணுனா ஒண்ணு ஸ்டார்ட் பண்ணுங்க, இல்லாட்டி ஆஃப் பண்ணுங்க. எஞ்சின் ஓடாம சும்மா ஆன்ல விட்டா கரண்ட் அதுக்குள்ளயே நின்னு அவிச்சுரும். பாயிண்ட்டுன்னா கொஞ்சம் தாங்கும். இது தாங்காது. நடுவுல நின்னு கதை பேசற வண்டி இல்லக்கா இது."

புது மாட்யூல் இரண்டாகக் கொடுத்தார், ஒன்று கைக்காவலுக்கு.

மார்ச் 9, ஞாயிறு

ஸ்டார்ட் ஆகிவிட்டது!

முதலில் படார் என்று வெடித்துக் கார்புரேட்டர் வழியாகத் தீ துப்பியது. பக்கத்து வீட்டு நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. வயர் இரண்டு இடம் மாறியிருந்தது. பொட்டு உதிர்ந்ததில் மூன்று இரண்டாகியிருக்கிறது. சரிசெய்து, டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் பிடித்து இம்மி இம்மியாகத் திருப்பினேன். ஒரு இடத்தில் எஞ்சின் சத்தம் மாறியது. அதுவரை இருமிக்கொண்டிருந்தது, தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசத் தொடங்கியது. அங்கேயே இறுக்கினேன்.

இந்த வண்டி இப்படி ஓடி நான் கேட்டதே இல்லை. அவன் காலத்தில் சிக்னலில் நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்று பானட் மேல் வைத்த டம்ளரில் தண்ணீர் அலம்பவில்லை.

கண்ணில் தண்ணீர் வந்தது. பெட்ரோல் வாடை.

அவன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். இந்தச் சத்தத்தைக் கேட்கும்போது அது எப்படிச் சுருங்கும் என்று. நினைத்தபடியே தோசைக்கு மாவு கரைத்தேன். நன்றாகச் சாப்பிட்டேன். வஞ்சம் வயிற்றுக்கு நல்லது போலிருக்கிறது.

மார்ச் 15, சனி

விடிந்ததும் பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன். அத்தையும் வருகிறேன் என்று நின்றார். ஸ்பேனர் டப்பாவை இறக்கிவிட்டு அந்தச் சீட்டில் அவரை உட்காரவைத்து, நாலு பட்டையையும் சேலைக்கு மேல் மாட்டினேன். மாட்டும்போது, "பெத்த மவன் ஒருநாளும் இதுல ஏத்துனதில்ல" என்றார். மூன்றாவது கியரில் பேயாக இழுத்தது. பயந்திருப்பார் என்று காலை எடுத்தேன்.

"ஏங் கண்ணு நிறுத்தற? வேகமாப் போ."

மார்ச் 19, புதன்

அத்தை துணி காயப்போடும் இடத்தில் நின்று போனில் கிசுகிசுத்தார். "அதெல்லாம் அவ ஒண்ணும் பண்ணல சாமி. போட்டது போட்டபடிதான் நிக்குது. ஷெட்டே தொறக்கல" என்றார். நான் வருவதைப் பார்த்ததும் வைத்துவிட்டார்.

"யாருங்க அத்தை?"

"மாவு மில்லுக்காரன்."

மாவு மில்லுக்காரன் எங்கள் ஷெட்டைப் பற்றி எதற்குக் கேட்கிறான் என்று நான் கேட்கவில்லை. இரவு அவருக்குப் பிடித்த கொள்ளு ரசம் வைத்தேன்.

மார்ச் 22, சனி

ஜோசியர் நேரம் குறித்துக் கொடுத்துவிட்டாராம். அவன் போனில் எனக்கு ஒப்பித்தான். வாகனத்துக்கு அதிபதி சுக்கிரன். அதனால் சுக்கிர ஓரையில் சாவியைப் போட்டு ஆன் செய்ய வேண்டும். ஆனால் அவன் ஜாதகத்துக்கு எஞ்சின் முழங்குவது புதன் ஓரையில்தான் இருக்க வேண்டும். சுக்கிரன் ஏழிலிருந்து எட்டு, புதன் எட்டுக்கு மேல்.

"இந்தத் தடவ சாவி என் கையாலதான் மணி. இனி உன்னத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"சாவிய ஆன் பண்ணிட்டு அப்புடியே விட்டுருவீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா. நடுவுல ஆஃப் பண்ணுனா யோகம் அறுந்து போயிருமாம்."

"செரிங்க."

இந்தத் தடவை சொன்ன 'செரிங்க' என்னைப் பிடுங்கவில்லை. திட்டத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். நான் எதையும் செய்ய வேண்டியதில்லை. பக்கத்தில் நின்றால் போதும்.

மார்ச் 29, சனி

அத்தை கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தார். யாருக்கு என்று கேட்டேன். "ரெண்டு பேருத்துக்கும்" என்றார். எரிச்சலாக வந்தது.

மார்ச் 30, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும்.

ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டான். பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, கூடவே வெங்கிடுவும் இன்னும் இரண்டு பேரும். ரோஜா மாலை, பூசணிக்காய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். மெலிந்திருக்கிறான். காதோரம் நரை. சாயம் அடிப்பதை விட்டுவிட்டான் போல. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை.

அம்மா காலில் விழுந்தான். எனக்குத் தலையை ஆட்டினான். ஷெட்டில் வண்டி பளபளவென்று நிற்பதைப் பார்த்து, "தொடச்சு வெச்சிருக்கியா, பரவால்லயே" என்றான். எதற்கெடுத்தாலும் பானட்டைத் திறக்கிறவன் இன்று திறக்கவில்லை. வேட்டியில் கறை படும்.

சுக்கிர ஓரையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். சாவி ஆனிலேயே இருக்க, எல்லாரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எட்டு மணிக்காகக் காத்திருந்தார்கள். அத்தை காபி கலக்க உள்ளே போனார்.

நான் வண்டியின் முன்பக்கத்திலேயே நின்றேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு லேசாக, இனிப்பாக, வார்னிஷ் உருகும் வாசனை வந்தது. கம்பெனியில் இந்த வாசனை வந்தால் பாய்ந்து போய் மெயினை அணைக்கிறவள் நான். கை உண்மையிலேயே எழுந்தது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். எனக்கு இனித்தது. பொய் எழுத மாட்டேன். ஒரு சொல் சொன்னால் போதும், நான் சொல்லவில்லை.

எட்டு அடித்தது. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரைப் போட்டான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. வெங்கிடு படம் எடுத்துக்கொண்டிருந்த போனை மெல்ல இறக்கினான். சந்தனப் பொட்டு வேர்வையில் வழிந்தது. இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்.

"மணி, நீ வா. உன் கை பட்டாத்தான் இது கேக்கும்" என்றான்.

போனேன், உட்கார்ந்தேன், திருப்பினேன். பிடிக்கவில்லை. காரணம் தெரிந்திருந்தும் ஒரு நொடி எனக்கே திக்கென்றது, என் கைக்கும் பிடிக்கவில்லையே என்று.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. "பாத்தியா வெங்கிடு? நானும் சனி நேத்துத்தான் போச்சுன்னு நெனச்சேன். நேத்து இல்லடா. கோர்ட்டுல கையெழுத்துப் போட்ட அன்னிக்கே எனக்குப் போயிருச்சு. அது இங்கதான் நிக்குது."

வெங்கிடு முதலில் சிரித்தான். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். என் ஷெட்டில், என் வண்டிக்குள் நான் உட்கார்ந்திருக்க.

நான் பொத்திப் பொத்தி வைத்த பழி அவன் வாயில் இப்படித் திரும்பியது. வண்டி ஓடாததற்குக் காரணம் நான். அதை நானேதான் அவனுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வெந்து போனேன்.

காபித் தட்டு டங்கென்று விழுகிற மாதிரி வைக்கப்பட்டது. அத்தை.

"டேய் திரு. அந்த வண்டிக்குள்ள என்ன இருக்குதுன்னு தெரியுமாடா உனக்கு?"

"என்னம்மா இருக்குது, நான் போட்ட எஞ்சின்தான்."

"அவகிட்டக் கேளு."

அவன் என்னைப் பார்த்தான். இறங்கிப் போய் பானட்டைத் திறந்தேன். பெரிய காயில், தடித்த வயர்கள், வயர்களின் மேல் என் ஒட்டுப் பொட்டு. அவன் குனிந்து பார்த்தபடியே நின்றான்.

"பாயிண்ட்ட எடுத்தாச்சுங்க. எலக்ட்ரானிக் போட்டிருக்கேன். எஞ்சின் ஓடாம சாவி ஆன்ல இருந்தா எரிஞ்சுரும். எரிஞ்சிருச்சு."

"யாரு போட்டா?"

"நாந்தான்."

"தெரிஞ்சே சும்மா நின்னியா?"

"நீங்க கேக்கலீங்க."

யாரும் சிரிக்கவில்லை. கேட்கவில்லை என்று சொன்னது வண்டியைப் பற்றி மட்டுமில்லை. அது எனக்கும் அத்தைக்கும் தெரிந்தது, அவனுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

அலமாரியிலிருந்து இன்னொரு மாட்யூலை எடுத்து வந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் கீழே இருட்டு. "டார்ச்சப் புடிங்க" என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனுக்கு டார்ச் பிடித்தவள் நான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பிடித்தான். வெளிச்சம் அலைந்தது.

"ஆட்டாதீங்க."

ஆட்டாமல் பிடித்தார். அவன். அவன் பிடித்தான். அவன் மூச்சு என் தோளில் பட்டது. ஸ்குரூவை இறுக்கினேன், வயரைச் சேர்த்தேன், காயிலைத் தொட்டுப் பார்த்தேன். சூடு, ஆனால் உயிர் இருந்தது.

"இப்ப என்ன ஓரை?" என்று வெங்கிடு கேட்டான். ஏறி உட்கார்ந்து திருப்பினேன்.

ஒரே திருப்பில் பிடித்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். சுருங்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு வாயைத் திறந்தபடி குழந்தை மாதிரி நின்றான். அவனும் இந்த வண்டி இப்படி ஓடிக் கேட்டதில்லை. அதற்கு நான் தயாராகவே இல்லை.

பிறகு கதவருகே வந்து, கையில் மாலையோடு, எப்போதும் சொல்வதைச் சொன்னான்.

"எறங்கு மணி."

என் கால் கதவுப் பக்கம் நகர்ந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு, அந்த ஒரு சொல்லுக்குக் கால் தானாக நகர்ந்தது.

மறுபக்கக் கதவு திறந்தது. அத்தை ஏறி உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, பட்டை எங்கே என்று தேடினார்.

"போலாம் கண்ணு" என்றார்.

"அம்மா, நீ எங்க போற?"

"அந்த ஒம்பதாம் மாடிக்கு இல்ல."

கிளட்ச்சை விட்டேன். எலுமிச்சம்பழங்கள் சட்டென்று நசுங்கின. தெருமுனை வரை நான் கண்ணாடியில் பார்க்கவே இல்லை. மாலை அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது, வேட்டியில் கிரீஸ் பட்டிருந்தது, டார்ச்சை இன்னும் அணைக்கவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய பேப்பர் மேஜையில் கிடந்தது. அத்தை அதில் முறுக்கை வைத்துச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 2, புதன்

வாட்ஸப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

செட்டிபாளையம். வெயில் மண்டையைப் பிளந்தது. பதினோரு வண்டிகள், பெண் நான் ஒருத்திதான். கொடிக்காரர் ஜன்னலில் குனிந்து, "டிரைவர் எங்கீங்க அக்கா?" என்றார். ஹெல்மெட்டைக் காட்டினேன்.

ஒவ்வொருவராக விட்டு நேரம் பார்ப்பார்கள், ஆளுக்கு இரண்டு ஓட்டம். பழைய நண்பர் கூட்டம் வேலியோரம் நின்றிருந்தது. வெங்கிடு இருந்தான். முதல் ஓட்டத்துக்கு நின்றபோது வேலிப் பக்கம் பார்த்தேன், யாரையும் தேடவில்லை. நிழல் இருக்கிறதா என்று பார்த்தேன். முழுசாக ஒரு தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டேன். பின்னால் ஹாரன் அடித்தபோதுதான் கொடி விழுந்துவிட்டது தெரிந்தது. எல்லாரையும்விட மோசமான நேரம். வெங்கிடு கைதட்டினான், கேலிக்கு.

நிழலுக்கு வந்ததும் அத்தை மோர் கொடுத்தார். நான் கேட்காமலே, "அவனுக்கு லீவு கெடைக்கலயாம்" என்றார்.

"யாரு கேட்டாங்க?"

"மாவு மில்லுக்காரன் சொன்னான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபின் கோபம் வந்தது, ஆனால் எதன் மேல் என்று தெரியவில்லை. அவன் பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனையும் செய்தேன். பார்க்க அவன் வரவில்லை. பார்க்காவிட்டால் இது என்ன பழி?

இரண்டாவது ஓட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். சீட்டை இன்னும் ஒரு பல் முன்னால் இழுத்துக்கொண்டேன். வேலி அதே இடத்தில்தான் இருந்தது. நான் கொடிக்காரரின் கையை மட்டும் பார்த்தேன். கை அசைந்தது. அதன்பிறகு எஞ்சின் சத்தமும் அடுத்த வளைவும்தான். மூன்றாவது கியரில் அது இழுத்த இழுப்பில் தொண்டை கிழியக் கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. முடிவுக் கோட்டைத் தாண்டி நெடுந்தூரம் போய்த்தான் பிரேக்கை மிதித்தேன்.

ஆறாவது இடம். வண்டியிலிருந்து இறங்கினேன். அத்தை ஓடிவந்து என் ஹெல்மெட்டோடு சேர்த்துத் திருஷ்டி கழித்தார்.

அந்த இரண்டாவது ஓட்டத்தில் அவன் ஞாபகம் ஒரு தடவைகூட வரவில்லை. இதை எழுத உட்கார்ந்தபோதுதான் வந்தது.